கெலிஓயா வரை போய்ச் சேராத கார்

என் லிங்கம் அண்ணனுக்கு,

உன் விஜி எழுதுகிறேன். மூன்று நாளாக இங்கே மழை விடவில்லை. எதிர்மலையைக் காணோம், ரோட்டையும் காணோம். பகல் சாப்பாடு முடிந்து அம்மா படுத்திருக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமையோடு நீ போய் ஒரு வருஷம். திவசத்துக்கு என்ன சமைப்பது, யாரைக் கூப்பிடுவது என்று கேட்டு எழுதத்தான் நினைத்தேன். ஆனால் அதற்கு முன்னால் சொல்ல வேண்டியது ஒன்று வந்து சேர்ந்துவிட்டது.

உன் காரில் கேட்ட அந்தச் சத்தத்தைப் போன செவ்வாய்க்கிழமை நான் திரும்பக் கேட்டேன், அண்ணே. இந்தத் தடவை பின்சீட்டில் அம்மா இருந்தார்.

உனக்குத் தெரிந்த சத்தம்தான். குழியில் டயர் இறங்கும்போது வலது பக்கம் முன்னாலிருந்து ஒரு ‘டொக்’. பெரிய சத்தம் ஒன்றும் இல்லை. மூடிய கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ ஒரு விரலால் தட்டுகிற மாதிரி இருக்கும். நீ போவதற்கு முந்தின வாரம் அது கேட்கும்போதெல்லாம் ரேடியோவைக் கூட்டி வைத்தாய். நீ பாட்டுக் கேட்கிறாய் என்று நான் நினைத்தேன்.

அந்த வாரத்தை நான் ஒரு வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். ஒரு நாள் காலையில் நீ காரின் முன்பக்க மட்கார்டை இரண்டு கையாலும் அமுக்கிவிட்டு, விலகி நின்று பார்த்துக்கொண்டிருந்தாய். கார் குனிந்தது, நிமிர்ந்தது, திரும்பக் குனிந்தது. நீ மறுபடி அமுக்கினாய். பிறகு குந்தி உட்கார்ந்து டயருக்குப் பின்னால் கையை விட்டு எதையோ தடவி, விரலை மூக்கருகே கொண்டுபோனாய். நான் தேத்தண்ணியோடு வந்ததும் கையைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு எழுந்தாய். “என்னண்ணே?” என்றேன். “ஒன்னுமில்ல, சேறு” என்றாய்.

அடுத்து அந்த வெள்ளிக்கிழமை. கண்டியில் எனக்கு ஆசிரியர் வேலைக்கான நேர்முகப் பரீட்சை. “என் தங்கச்சி பஸ்ஸில கசங்கிப் போகக் கூடாது, நான் கார்ல கொண்டுபோய் வாசல்ல இறக்குவேன்” என்று ஒரு மாதமாக நீதான் சொல்லிக்கொண்டு திரிந்தாய். நான் சாரி உடுத்தி ஃபைலோடு வந்து நின்றபோது, “நீ பஸ்ல போ விஜி” என்றாய்.

“ஏன்?”

“எனக்கு வேற வேலை இருக்கு.”

“என்ன வேலை? இன்னைக்குத்தானா?”

நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. அப்போது நான் சொன்னதை உனக்கு ஞாபகப்படுத்தத் தேவையில்லை. “உனக்குக் கூட்டாளிங்கதான் முக்கியம். போ, போய்க் குடி” என்றேன். நீ குடியை விட்டு அப்போது இரண்டு வருஷம். அது தெரிந்துதான் சொன்னேன். எங்கே குத்தினால் வலிக்கும் என்று தெரிந்தவள் கூடப் பிறந்தவள்தானே. நீ என்னை பஸ் ஏற்றிவிடப் பின்னாலேயே நடந்து வந்தாய். நான் திரும்பிப் பார்க்காமல் ஏறினேன்.

நேர்முகப் பரீட்சை முடிந்து வெளியே வந்தபோது போனில் பதினொரு அழைப்பு இருந்தது.

வேலை கிடைத்தது, அண்ணே. கலஹா பக்கத்திலேயே பள்ளிக்கூடம். மூன்றாம் வகுப்பு. முப்பத்திரண்டு பிள்ளைகள். இதை உன்னிடம் இன்றைக்குத்தான் சொல்கிறேன். சந்தோஷமாக ஒரு விஷயம் சொல்லவும் எனக்கு வாய் இருக்கவில்லை.

சாவு வீட்டிலேயே பேச்சு ஆரம்பித்துவிட்டது. தெளிவான பகலில், தினமும் ஓட்டுகிற ரோட்டில், எதிரே வண்டி எதுவும் வராத வளைவில், கார் எப்படி நேரே பள்ளத்துக்குப் போகும்? “பழையபடி ஆரம்பிச்சிட்டான் போல” என்று ஒருத்தர் சொன்னார். “தங்கச்சியைக்கூட ஏத்தாமத் தனியா போயிருக்கானே” என்று இன்னொருத்தர். மரண விசாரணையில் விபத்து என்று மட்டும் எழுதினார்கள். ஊர் அதற்குக் கீழே தன் கையால் ஒரு வரி எழுதிக்கொண்டது. உன் கூட்டாளி சேகரண்ணன் இருக்கிறாரே, உன்னோடு ஒரே வாரத்தில் ஒரே மாதிரிக் கார் வாங்கி, கலஹா ஸ்டாண்டில் உன் காரை ஒட்டியே நிறுத்தி ஹயர் ஓடியவர், அவரும் தலையைக் குனிந்துகொண்டு, “லிங்கம் ஒரு வாரமாவே சரியில்ல” என்றார். அந்த ஒரு வார்த்தையே போதுமாக இருந்தது.

அம்மா யாரோடும் சண்டை பிடிக்கவில்லை. உன் படத்துக்கு விளக்கு வைக்கும்போது மட்டும் கொஞ்ச நேரம் நின்று பார்ப்பார். என்ன கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் வேறு பக்கம் போய்விடுவேன். ஏனென்றால், அண்ணே, நானும் நம்பினேன். நான் சொன்ன சொல்தான் உன்னைக் குடிக்க வைத்தது என்று நம்பினேன்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன்.

அம்மாவுக்கு மாதத்துக்கு ஒரு தடவை பேராதனை ஆஸ்பத்திரியில் கிளினிக். நீ போன பிறகு சேகரண்ணன்தான் கூட்டிப் போகிறார். கேட்காமலே வந்து நிற்பார். நல்ல மனுஷன் என்று நினைத்தேன். அன்றைக்கும் பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டு நான் முன்சீட்டில் ஏறினேன். தூறல். ரோட்டில் பாதிக்குப் பனிமூட்டம். நீ போன அந்த வளைவுக்குக் கொஞ்சம் மேலே ஒரு குழி இருக்கிறதல்லவா, அதில் டயர் இறங்கியது.

டொக்.

என் கால் விரல்கள் செருப்புக்குள் மடங்கின. அடுத்த குழியில் திரும்பக் கேட்டது. எதிரே பஸ் ஒன்று வளைவில் முகத்தைக் காட்டியதும் சேகரண்ணன் பிரேக்கை மிதித்தார். காரின் முன்பக்கம் அப்படியே மூக்குக்குப்புறக் குனிந்தது. பிறகு பஸ் போனதும் கார் நிமிர்ந்து, ஆடி, இன்னொரு தடவை ஆடியது. பின்னால் அம்மா, “முருகா” என்றார்.

“சேகரண்ணே, நிப்பாட்டுங்க.”

“இங்கயா? வளைவு விஜி.”

“நிப்பாட்டுங்கண்ணே!”

தேயிலைக் கொழுந்து நிறுக்கிற கொட்டகைக்குப் பக்கத்தில் நிறுத்தினார். நான் இறங்கி, நீ செய்தாயே, அதே மாதிரி மட்கார்டை அமுக்கிவிட்டு விலகி நின்றேன். கார் மூன்று தடவை ஏறி இறங்கியது. இடது பக்கம் போய் அமுக்கினேன். அங்கேயும் அப்படித்தான். குந்தி உட்கார்ந்து டயருக்குப் பின்னால் கையை விட்டேன். சாரி நுனி சேற்றில் கிடந்தது. ஸ்பிரிங்குக்குக் கீழே, ஒரு கறுப்புக் குழாயில் விரல் வழுக்கியது. வெளிச்சத்தில் பார்த்தால் கறுத்த எண்ணெய்.

“மழைத் தண்ணி அது” என்றார் சேகரண்ணன். அவர் காரை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியைக்கூட முழுசாக இறக்கவில்லை.

“தண்ணி இப்புடி நாறுமா? மோந்து பாருங்க.”

“எல்லாக் காரும் கொஞ்சம் கசியுந்தான். நீ ஏறு. அம்மாவுக்கு நம்பர் போயிரும்.”

அப்போது அவர் குரலில் இருந்தது கோபம் இல்லை, அண்ணே. பயம். ஒரு வருஷமாக அந்தக் குரலைக் கேட்டும் எனக்குப் புரியாமல் போயிருக்கிறது.

அம்மாவை இறக்கி, பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றி நானும் ஏறினேன். அந்தக் கார் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தது. பின்கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு வளைவிலும் அது மறையும். திரும்பத் தெரியும்வரை எனக்கு மூச்சு வராது. நீ போன இடம் வந்தது. கார் மறைந்தது. நான் எண்ணினேன். ஏழு எண்ணும்போது திரும்பத் தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் அம்மாவை வாங்கில் உட்காரவைத்து நம்பர் எடுத்துக் கொடுத்தேன். நூற்றுக்கு மேலே நம்பர். மத்தியானம் ஆகும். வெளியே வந்தால் சேகரண்ணன் கேட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறார்.

“இந்தக் கார்ல அம்மா திரும்பி வர மாட்டாங்க. நீங்களும் போகக் கூடாது. கெலிஓயாவில ஒரு கராஜ் இருக்கு, அங்க காட்டுவோம்.”

கெலிஓயா என்றதும் அவர் முகம் மாறியது. “அங்க ஏன்? கண்டியிலயே எனக்குத் தெரிஞ்ச கராஜ் இருக்கு.”

எனக்கு ஏன் கெலிஓயா வாயில் வந்தது என்று சொல்கிறேன். உன் சாவு வீட்டுக்கு யாருக்கும் தெரியாத ஒரு முஸ்லிம் மனுஷன் வந்திருந்தார். அகலமான ஆள், கையெல்லாம் கிரீஸ் ஏறிக் கறுத்த நகம். உள்ளே வரவில்லை. மழையில் தொப்பி நனைய நின்று, அம்மாவைப் பார்த்து, “நான் கெலிஓயா, கராஜ் வெச்சிரிக்கேன். என்னை மன்னிச்சிக்கோங்கோ” என்றார். அம்மாவுக்கு அது காதில் ஏறவில்லை. எனக்கு ஏறியது. எதற்காக ஒரு கராஜ்காரர் எங்களிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்? கேட்க நினைத்தேன். அதற்குள் அவர் போய்விட்டார். ஒரு வருஷம் நான் போய்க் கேட்கவில்லை. எனக்கு உண்மை தெரிய வேண்டாம் என்று இருந்திருக்கிறது போல.

சேகரண்ணனை வரவைக்க நான் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. “வரலைன்னா ஸ்டாண்ட்ல எல்லார் முன்னாலயும் உங்க காரை அமுக்கிக் காட்டுவேன்” என்றேன். பேராதனையிலிருந்து கெலிஓயா வரை சமதரை ரோடு. அந்தக் கால்மணித்தியாலமும் அவர் இருபதுக்கு மேலே ஓட்டவில்லை. நெற்றியில் வியர்வை.

கராஜைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இருக்கவில்லை. விசாரித்ததும், “நவாஸ் நானாட கராஜா?” என்று கையை நீட்டினார்கள். சாவு வீட்டுக்கு வந்த அவரேதான். என்னைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். “நீங்க லிங்கம்ட தங்கச்சி” என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. பிறகு சேகரண்ணனைப் பார்த்தார், காரைப் பார்த்தார். “இதும் அதே கார்தானே” என்று மெல்லச் சொன்னார்.

அவரும் முதலில் மட்கார்டைத்தான் அமுக்கினார். எண்ணிக்கொண்டு நின்றார். பிறகு ஜக்கில் காரைத் தூக்கி, அதை மட்டும் நம்பாமல் இரண்டு பக்கமும் இரும்புத் தாங்கி வைத்து, முன்டயர் இரண்டையும் கழற்றினார். ஒரு டயரை என் பக்கம் உருட்டி, “கையை வெச்சுப் பாருங்கோ” என்றார். டயரின் வெளிப்புறம் மேடும் பள்ளமுமாக அலை அலையாகத் தேய்ந்திருந்தது.

“இந்தக் குழாய்க்குள்ள எண்ணெய் இரிக்கி, தங்கச்சி. ஸ்பிரிங் துள்ளுறதை அதுதான் பிடிச்சு அடக்குற. எண்ணெய் வெளியில போய்ட்டா ஸ்பிரிங் தன்ட பாட்டுக்குத் துள்ளும். டயர் ரோட்டைத் தொட்டுத் தொட்டு விடும். வளைவுல பிரேக் போடக்குள்ள டயர் தரையில இல்லாட்டி, ஸ்டியரிங்கைத் திருப்பி என்ன பலன்?”

பிறகு ஒரு துணியால் அந்தக் குழாயை, சொக்கு என்பார்கள் அதை, துடைத்தார். துடைத்த இடம் பளபளவென்று கறுப்பாக இருந்தது. புதுப் பெயின்ட். அவர் கத்தி நுனியால் அதைச் சுரண்டினார். பெயின்ட் உரிந்து உள்ளே ஒரு தழும்பு தெரிந்தது. பத்துச் சதக் காசளவு வெல்டிங் பொட்டு. அதைச் சுற்றி மயிரளவு வெடிப்பு. அந்த வெடிப்பின் ஓரத்தில் எண்ணெய் ஊறிக்கொண்டிருந்தது.

நவாஸ் நானா இடது பக்கமும் சுரண்டினார். அங்கேயும் ஒரு பொட்டு.

“செத்துப்போன சொக்கு இது. ஓட்டை போட்டு, தடிப்பமான எண்ணெய் ஊத்தி, வெல்ட் பண்ணி, பெயின்ட் அடிச்சு, ரீகண்டிஷன் எண்டு போட்டிரிக்காங்க. வெல்ட் சூட்டுக்கு உள்ளுக்குள்ள இரிக்கிற ரப்பர் கருகிடும். கொஞ்ச நாளைக்கு நல்லா இரிக்கும். பிறகு கசியும். சில நேரம் கசியாது.” நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “சில நேரம் அந்தப் பொட்டுல வெச்சு முறியும்.”

அடுத்து அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதுகிறேன், அண்ணே. ஒரு சொல்லும் கூட்டவில்லை.

“இதே மாதிரி ரெண்டை நான் முன்னுக்கும் பாத்தேன். உங்கட அண்ணன்ட காருல. அவர் செவ்வாய்க்கிழமை வந்தார். சத்தம் கேக்குது நானா எண்டார். பாத்துட்டு, இந்தக் காரை ஓட்டவே வேணாம், இங்கயே விட்டுட்டுப் போங்கோ எண்டேன். ‘தோட்டத்துல யாருக்காவது அவசரம்னா வேற கார் இல்ல நானா’ எண்டு எடுத்துட்டுப் போய்ட்டார். புது ஜோடிக்கு நான் கொழும்புக்குச் சொல்லிவிட்டேன். வியாழன் பின்னேரம் வந்துட்டுது. உடனே கோல் எடுத்தேன். நான் சாமான் எல்லாம் எடுத்துக்கொண்டு மேல வாரேன், காரை அசைக்க வேணாம் எண்டேன். ‘வெள்ளிக்கிழமை உங்களுக்கு ஜும்ஆ தொழுகை, மலையேறி வந்தா தவறிப் போயிரும். நானே மெதுவா இறக்கிக்கொண்டு வாறேன். வெறுங்காருதானே, யாரையும் ஏத்த மாட்டேன்’ எண்டார்.”

யாரையும் ஏத்த மாட்டேன்.

நான் அந்தக் கராஜ் நிலத்தில், எண்ணெய்ப் பலகை ஒன்றில் உட்கார்ந்துவிட்டேன். “நீ பஸ்ல போ விஜி.” நீ அன்றைக்கு என் முகத்தைப் பார்க்காததும், பின்னாலேயே நடந்து வந்து நான் பஸ் ஏறும்வரை நின்றதும், அங்கே உட்கார்ந்து ஒவ்வொன்றாக வந்தன. ஏன் அண்ணே சொல்லவில்லை? நேர்முகப் பரீட்சையில் நான் பயந்துபோய் உட்காரக் கூடாது என்றா? நான் திட்டினபோதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. “கார் சரியில்லை” என்ற இரண்டு சொல். அதைச் சொல்லியிருந்தால் நான் உன்னைப் போகவிட்டிருக்க மாட்டேன் என்பதற்காகவா?

“நான் வந்திரிக்கணும்” என்றார் நவாஸ் நானா. “அவர் என்ன சொன்னாலும் நான் மேல வந்திரிக்கணும். ஜும்ஆவுக்கு முன்ன வாரேன் எண்டவரை நான் வாசல்ல நிண்டு பாத்துக்கொண்டே இரிந்தேன். பாங்கு சொல்லியும் வரல்ல.”

விபத்துக்குப் பிறகு உன் காரைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். அவர் விசாரிக்கும்போது அது பழைய இரும்புக்குப் போய்விட்டதாம். “பாக்காததைப் பாத்தேன் எண்டு சொல்ல மாட்டேன், தங்கச்சி. எது முறிஞ்சதோ, எப்பிடிப் போனதோ அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை அது என்ன நிலைமையில இரிந்தது எண்டு மட்டும் நான் சொல்லுவேன். எங்க வேணுமெண்டாலும் வந்து சொல்லுவேன்.”

இவ்வளவு நேரமும் சேகரண்ணன் கேட்டுக்கு அந்தப் பக்கம் ரோட்டில் நின்றார். நான் எழுந்து போனேன்.

“உங்க கார்ல இதை எங்க போட்டீங்க?”

அவர் அழுதார், அண்ணே. ரோட்டில் பஸ்ஸும் சனமும் போக, முகத்தைக்கூட மூடாமல் அழுதார். அந்தக் கண்டிக் கராஜ் அவர் பெண்சாதியின் சித்தப்பாவுடையதாம். உங்கள் இரண்டு பேரின் காரையும் அவர்தான் ஒரே நாளில் அங்கே கூட்டிப் போயிருக்கிறார். புதுசு வர நாலு நாள் ஆகும், இங்கே ஒரு பின்னேரத்தில் முடியும் என்று சொல்லி. நவாஸ் நானாவைப் பார்த்துவிட்டு நீ நேரே அவரிடம்தான் போயிருக்கிறாய். “ரெண்டு பேரும் மாத்திருவோம் சேகர்” என்றிருக்கிறாய். சித்தப்பாவைக் கள்ளன் என்கிறாயா என்று அவர் சண்டை பிடித்திருக்கிறார். நீங்கள் கடைசியாகப் பேசியது அதுதானாம்.

“அவன் போனப்பொறகு எனக்குத் தெரியும் விஜி. அன்னைக்கே தெரியும். சொன்னா நான்தான் கொன்னேன்னு ஆயிரும்னு பயந்தேன். தெனம் காலையில எந்திரிச்சு அந்த எண்ணெய்யைத் துணியால தொடைப்பேன். தொடைச்சிட்டா இல்லாத மாதிரி இருக்கும்.”

“அந்தக் கார்லயா எங்கம்மாவை ஒரு வருஷமா ஏத்தினீங்க?”

அவரை அடிக்கக் கை எழுந்தது. அடிக்கவில்லை. சேகரண்ணன் என்று எழுதும்போது இப்போதும் கை தயங்குகிறது. பழகிப்போன சொல், வேறு எப்படி எழுதுவதென்றும் தெரியவில்லை.

நாங்கள் உள்ளே வந்தபோது நவாஸ் நானா ஸ்டூலில் ஏறி, மேல் தட்டிலிருந்து இரண்டு நீளப் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். தூசி ஒரு விரல் கனம். திறக்காத பெட்டிகள். “இது லிங்கத்துக்கு வந்தது. ஒரே கார், ஒரே அளவு. எத்தனையோ பேர் கேட்டாங்க. வேற ஆளுக்குப் போட மனசு வரல்ல” என்றார். பிறகு என்னைப் பார்த்தார். “நீங்க சொன்னா போடுறேன். வேணாம் எண்டா வேற வரவழைப்பேன்.”

உனக்கு வந்ததை இவருக்கா? ஒரு நிமிஷம் எனக்கு அப்படித்தான் இருந்தது. பிறகு நீ செவ்வாய்க்கிழமை இவரிடம் போய்ச் சொன்னது நினைவுக்கு வந்தது. ரெண்டு பேரும் மாத்திருவோம் என்று சொன்னவன் நீ. “போடுங்க நானா” என்றேன்.

பொனட்டைத் திறந்து மேலே இருந்த மூன்று நட்டைக் கழற்றினார். கீழே டயர்ப் பக்கம் இரண்டு பெரிய போல்ட், பிரேக் ஹோஸைப் பிடித்திருந்த கிளிப். முழுசாக வெளியே வந்ததும் ஸ்பிரிங்கை ஒரு கருவியில் பூட்டி, இரண்டு பக்கமும் மாறி மாறித் திருகி இறுக்கினார். “தள்ளி நில்லுங்கோ. இந்த ஸ்பிரிங் விடுபட்டா ஆளைக் கொன்னுடும்” என்றார். அவர் நெற்றி நரம்பு புடைத்திருந்தது. மேல் நட்டு கழன்று ஸ்பிரிங் அடங்கி நின்றபோதுதான் நானும் மூச்சு விட்டேன். புது சொக்கில் அதைப் பூட்டி, புது ரப்பரும் வைத்து, திரும்பவும் மெல்ல மெல்லத் தளர்த்தினார். இரண்டு பக்கமும் முடிய மத்தியானம் தாண்டிவிட்டது. பிறகு பக்கத்துக் கடையில் டயர் எலைன்மென்ட் பார்த்தார்கள்.

கழற்றிய சொக்கில் ஒன்றை நவாஸ் நானா பிடிகருவியில் வைத்து, அந்த வெல்டிங் பொட்டுக்குக் குறுக்கே இரும்பு அறுக்கும் வாளால் அறுத்தார். உள்ளே கருகிய ரப்பரும் கறுத்த கூழும். அறுத்த பாதியைக் கடதாசியில் சுற்றி என் கையில் கொடுத்தார். கைக்குழந்தை கனம் இருந்தது.

கடைசியாக மட்கார்டை அமுக்கச் சொன்னார். அமுக்கினேன். கார் ஒரே தடவை நிமிர்ந்து அப்படியே நின்றது.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது அம்மா கிளினிக் முடிந்து அதே வாங்கில் மருந்துப் பையோடு இருந்தார். “அம்மாகிட்ட நீங்களே சொல்லணும்” என்று சேகரண்ணனிடம் வழியிலேயே சொல்லியிருந்தேன். அவர் அம்மாவின் காலடியில், அந்தச் சிமெந்துத் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். சனம் கடந்து போய்க்கொண்டே இருந்தது. அம்மா அவர் முடித்த பிறகும் கொஞ்ச நேரம் மருந்துப் பையின் முடிச்சைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“அப்ப என் புள்ள குடிக்கலையா?”

“இல்லம்மா. குடிக்கல.”

“ஒரு வருஷமா அவன் படத்துக்கிட்ட அதைத்தான்டி கேட்டுக்கிட்டு இருந்தேன்” என்றார். அழவில்லை. சேகரண்ணனின் தலையில் ஒரு கையை வைத்தார். அது ஆசீர்வாதமா, தள்ளிவிடுவதா என்று எனக்கு விளங்கவில்லை. அவருக்கும் விளங்கியிருக்காது. கையை எடுத்ததும், “போய்க் கலஹாவில ஒவ்வொருத்தர்கிட்டயும் சொல்லு. எவ எவ வாய்ல என்ன சொன்னாளோ அவ காதுலயே போய்ச் சொல்லு” என்றார்.

சொன்னார், அண்ணே. புதன்கிழமை காலையில் ஸ்டாண்டில் நின்று, பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சொன்னார். சிலர் அவரைத் திட்டினார்கள். சிலர் எங்கள் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றார்கள். அம்மா எல்லாருக்கும் தேத்தண்ணி கொடுத்தார். நான்தான் யாரோடும் பேசவில்லை. அவர்களை விட நான் மோசமாகச் சொன்னவள்.

இத்தோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதத்தைத் திவசத்தன்று உன் படத்துக்கு முன்னால் வாசித்திருப்பேன். முடியவில்லை.

அன்றைக்கு அந்தக் கராஜில் உங்கள் இரண்டு காரும் நின்றபோது, மூன்றாவதாக ஒரு வண்டி இருந்ததாம். கறுப்புப் பெயின்ட் அடித்த சொக்குகள் சுவரோரம் ஆறு காய்ந்துகொண்டிருந்தன என்று சேகரண்ணன் சொன்னார். நாலு உங்களுடையது. மற்ற இரண்டும் புசல்லாவையிலிருந்து வந்த ஒரு சின்ன வேனுக்கு. வெள்ளை வேன், பக்கவாட்டில் சிவப்புக் கோடு. பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன்.

அந்தக் கராஜுக்கும் போனோம். சித்தப்பா என்கிற அந்த மனுஷன் அறுத்த சொக்கைக் கையில்கூட வாங்கவில்லை. “இது எங்க செஞ்சதுன்னு எழுதியிருக்கா?” என்றார். அவருக்குப் பின்னால் சுவரோரம் அப்போதும் மூன்று சொக்கு காய்ந்துகொண்டிருந்தது. பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கொடுத்திருக்கிறேன். நவாஸ் நானா சாட்சியாகக் கையெழுத்துப் போட்டார். விசாரிக்கிறோம் என்றார்கள். விசாரிக்கட்டும். ஆனால் வேன் நாளைக்கும் ஓடும்.

வெள்ளிக்கிழமை பாடசாலைக்கு அரைநாள் லீவு போட்டுப் புசல்லாவைக்குப் போய் மெயின் ரோட்டில் நின்றேன். ஒரு மணித்தியாலத்தில் வேன் வந்தது. வயசான டிரைவர், நல்ல மனுஷன். பிள்ளைகள் எல்லாம் “மாமா, மாமா” என்று அவர் தோளில் தொங்குகிறார்கள். எண்ணினேன். பதின்மூன்று பேர். ஒன்றிரண்டு பிள்ளை என் வகுப்புப் பிள்ளைகளை விடச் சின்னது. நான் சொன்னதையெல்லாம் கேட்டார். உன்னைப் பற்றியும் சொன்னேன். “பாவம் மகள், உங்களுக்கு அண்ணன் போன துக்கம். எனக்கு இந்த ரோடு தண்ணி பட்ட பாடு. ஒன்னும் ஆகாது” என்றார். நான் வேனின் முன்பக்கத்தை அமுக்கப் போனேன். சிரித்துக்கொண்டே என் கையைப் பிடித்து விலக்கிவிட்டு ஏறிக்கொண்டார். வேன் குழியில் இறங்கி ஏறியது. அந்த ‘டொக்’ எனக்குக் கேட்டது, அண்ணே. பிள்ளைகள் சத்தம் போட்டுப் பாடிக்கொண்டு போகிறார்கள், அவர்களுக்கு அது கேட்கவில்லை.

டிரைவரின் நம்பரை ஒரு கடையில் வாங்கி நேற்று மூன்று தடவை எடுத்தேன். மூன்றாவது தடவை அவர் போனை எடுக்கவே இல்லை. பிள்ளைகளைப் பெற்றவர்களில் இரண்டு பேரின் நம்பர் கிடைத்தது. ஒருத்தர் பயந்துபோய் இனி ஏற்றவில்லை என்றார். மற்றவர், பிள்ளை போக வேறு வண்டி இல்லையே டீச்சர் என்றார்.

நாளைக்குத் திங்கட்கிழமை. முதல் பஸ்ஸுக்கு முன்னால் சேகரண்ணன் காரைக் கொண்டுவருகிறார். கெலிஓயாவில் நவாஸ் நானா சாமானோடு ஏறுகிறார். அந்த வேனுக்குப் பொருந்துகிற ஜோடியைத் தேடி எடுத்து வைத்திருக்கிறார். இந்தத் தடவை, யார் என்ன சொன்னாலும் தானே மேலே வருவதாகச் சொல்லிவிட்டார். முதல் பிள்ளை ஏறுகிற இடத்துக்கு, அது ஏறுவதற்கு முன்னால் நாங்கள் போய்விட வேண்டும்.

அந்தப் பெரியவர் கத்துவார். நாலு பேர் கூடுவார்கள். பிள்ளைகள் பார்க்கும்போது டீச்சர் ஒருத்தி நடுரோட்டில் நின்று சண்டை பிடிப்பது எனக்கு வெட்கமாகத்தான் இருக்கும். இருக்கட்டும். அந்த வேனுக்கு முன்னால் போய் நிற்பேன், அண்ணே. அவர் என்ஜினை நிறுத்தி, இறங்கி வந்து, சாவியை நவாஸ் நானாவின் கையில் கொடுக்கும்வரை அந்த இடத்தை விட்டு விலக மாட்டேன். இது நான் உனக்குக் கொடுக்கிற வாக்கு.

என்றைக்கும் உன் கூடப் பிறந்தவள்,
தங்கச்சி விஜி
கலஹா